ஒரு மேட்ச் கூடினால் யார் பையில் எவ்வளவு?

வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் ஒரு மாலை. கால்பந்துப் பயிற்சி முடிந்து பசங்கள் ஸ்டட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, யூரோப்ல மேட்ச் ஜாஸ்தி பண்ணிட்டாங்களாம். மேட்ச் ஜாஸ்தின்னா துட்டும் ஜாஸ்திதானே? அப்புறம் ஏன் பிளேயருங்களே வேணாம்னு சொல்றாங்க?"

"துட்டு ஜாஸ்திதான்டா, ஆனா..." என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினேன். பாதிதான் ஏறியது என்று அவன் முகமே சொன்னது. அவனுக்காகவும் அவனைப் போலக் கேட்கிற எல்லோருக்காகவும் இதைப் பொறுமையாக எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2023-24 வரை 32 அணிகள், மொத்தம் 125 ஆட்டங்கள். 2024-25 முதல் 36 அணிகள், 189 ஆட்டங்கள். முன்பு கோப்பையை வெல்ல ஓர் அணி 13 ஆட்டங்கள் ஆடினால் போதும். இப்போது 15, சில அணிகளுக்கு 17. கிளப் உலகக் கோப்பை 2025இல் 32 அணிகளோடு அமெரிக்காவில் நடந்தது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை 63 ஆட்டங்கள். ஆட்டக்காரர்கள் குடும்பத்தோடு இருக்க வேண்டிய மாதம் அது. நாடுகள் மோதும் உலகக் கோப்பையிலும் 32 அணிகள் 48 ஆகிவிட்டன, 64 ஆட்டங்கள் 104 ஆகிவிட்டன.

இதெல்லாம் இங்கிலாந்துக் கிளப் ஒன்று தன் நாட்டு லீக்கில் ஆடும் 38 ஆட்டங்களுக்கும் இரண்டு உள்ளூர்க் கோப்பைகளுக்கும் மேலே வந்து உட்கார்வது.

காசிமேட்டுக் கணக்கு

இந்தப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டாம். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் போதும். விசைப்படகில் போகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீனை ஏலம் விட்டு வந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்காரருக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பாதிப் பாதி என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு நடைக்கு 1,00,000 ரூபாய் மீன். செலவு 40,000. மிச்சம் 60,000. படகுக்கு 30,000, ஆட்களுக்கு 30,000. பத்துப் பேர் போயிருந்தால் தலைக்கு 3,000.

அந்த வாரமே இன்னொரு நடை போகிறார்கள். எல்லாப் படகும் அப்படியே போனதால் கரையில் மீன் குவிகிறது, விலை இறங்குகிறது. அதே அளவு மீனுக்கு 80,000தான் கிடைக்கிறது. செலவு மட்டும் அதே 40,000. மிச்சம் 40,000, அதில் ஆட்களுக்கு 20,000, தலைக்கு 2,000.

வாரத்துக்கு 3,000 வாங்கியவருக்கு இப்போது 5,000 கிடைக்கிறது. வருமானம் கூடியது உண்மை. ஆனால் இரண்டாவது நடையில் அதே உழைப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி குறைந்ததும் உண்மை. "மேட்ச் ஜாஸ்தின்னா துட்டு ஜாஸ்தி" என்று அந்தப் பையன் சொன்னது முதல் உண்மை. ஆட்டக்காரர்கள் பேசுவது இரண்டாவது உண்மையை. கடைசியாகச் சேர்த்த ஒன்று எவ்வளவு கொண்டுவந்தது என்று தனியாகப் பார்ப்பதைத்தான் பொருளாதாரத்தில் இறுதிநிலை வருவாய் என்கிறார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் இந்த இரண்டாவது நடைதான்.

இப்போது அதே படகில் பத்துப் பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர் ஏறினால்? முதல் நடையில் தலைக்கு 2,500, இரண்டாவதில் ஏறக்குறைய 1,667. வாரத்துக்கு 4,167. பன்னிரண்டு பேர் இருப்பதால் முறை வைத்து ஓய்வெடுக்கலாம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் படகு நிற்காது. ஆனால் அந்த வசதிக்கான காசு அந்த ஆட்களின் பங்கிலிருந்தே போகிறது. படகுக்காரரின் 30,000 அப்படியே இருக்கிறது. நீண்ட சீசன், பெரிய அணி என்ற இரண்டு விஷயங்களும் இந்த ஒரே படகுக்குள் இருக்கின்றன. இனிமேல் சொல்லப்போவதெல்லாம் இதன் விரிவுதான்.

முதலாளிக்கு ஏன் ஆசை?

ஒரு கிளப்பின் மிகப் பெரிய செலவு சம்பளம். அது ஆண்டுக் கணக்கில் பேசி முடித்தது. 45 ஆட்டம் ஆடினாலும் 55 ஆட்டம் ஆடினாலும் பெரும்பகுதி மாறாது. ஆடினால் இவ்வளவு, ஜெயித்தால் இவ்வளவு என்று போனஸ் சேரும், அவ்வளவுதான். மைதானம் ஏற்கெனவே கட்டியாயிற்று, பயிற்சியாளர் இருக்கிறார், பிசியோ இருக்கிறார். ஆக, கூடுதலாக ஓர் ஆட்டம் நடத்த ஆகும் செலவு பயணம், விளக்கு, பாதுகாப்பு என்று சின்னது. வரவோ டிக்கெட், டிவி உரிமை, விளம்பரம் என்று பெரியது. கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் ஆடி மாதத்திலும் யாராவது வாடகைக்கு எடுத்தால் சந்தோஷப்படுவார் இல்லையா, அதே கணக்கு.

டிவிப் பணம் மட்டும் கொஞ்சம் நுட்பமானது. டிவிக்காரர் ஆட்டத்தின் எண்ணிக்கைக்குக் காசு கொடுப்பதில்லை, பார்க்கிற கண்களுக்குக் கொடுக்கிறார். எண்ணிக்கை கூடும்போது ஒவ்வோர் ஆட்டத்தின் மேலுள்ள ஆசை குறைந்தால், அதுதான் கரையில் குவிந்த மீன். குறையாவிட்டால் லாபம். ஐபிஎல்லைப் பாருங்கள். 2018 முதல் 2022 வரையான ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 16,347.5 கோடிக்குப் போனது. 2022இல் இரண்டு அணிகள் சேர்ந்து ஆட்டங்கள் 60இலிருந்து 74 ஆயின. அடுத்த ஐந்தாண்டு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. ஆட்டம் கூடியும் ஓர் ஆட்டத்தின் விலை இறங்கவில்லை, ஏறியது. மீன் விலை இறங்கியே தீரும் என்று விதி ஒன்றும் இல்லை. பசி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஐரோப்பியக் கால்பந்துக்கு இன்னும் எவ்வளவு பசி இருக்கிறது என்ற பந்தயத்தில்தான் எல்லா அமைப்புகளும் இறங்கியிருக்கின்றன.

அமெரிக்காவின் இன்னொரு ஃபுட்பால்

பங்குக் கணக்கை எழுத்தில் போட்டு வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. கையில் முட்டை வடிவப் பந்தோடு ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். நம் ஆட்டம் வேறு, அவர்கள் ஆட்டம் வேறு. ஆனால் கணக்கு கற்றுக்கொள்ள அதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

என்.எஃப்.எல். என்ற அந்த லீக்கில் 32 அணிகள். 1978இல் ஓர் அணிக்கு 14 ஆக இருந்த ஆட்டங்கள் 16 ஆயின, 2021இல் 17. அடுத்து 18 ஆக்கலாமா என்ற பேச்சு ஓடுகிறது. ஆட்டக்காரர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. லீக்கின் வருவாயில் குறைந்தது 48 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு. அதை வைத்துத்தான் ஓர் அணி மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு கணக்காகிறது. 2025இல் அது அணிக்கு 27.92 கோடி டாலர். அணியில் 53 பேர். அப்படியே காசிமேட்டுப் பங்கு.

17 ஆட்டம் 18 ஆனால் வேலை ஏறக்குறைய 5.9 சதவீதம் கூடுகிறது. வருவாயும் அதே அளவு ஏறினால்தான் ஓர் ஆட்டத்துக்கான கூலி பழைய நிலையில் நிற்கும். வருவாய் 3 சதவீதம் மட்டும் ஏறினால் எல்லோருக்கும் ஆண்டு வருமானம் கூடியிருக்கும், எல்லோருடைய கூலியும் குறைந்திருக்கும். இந்த ஒரு வரியை அந்தப் பையன் மறுபடி படிக்க வேண்டும். சம்பளப் பேச்சில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆட்டம் கூடினால் ஆளையும் கூட்டு என்று சங்கம் கேட்கும். 53 பேரை 56 ஆக்கினால் என்ன ஆகும்? 27.92 கோடியை 53ஆல் வகுத்தால் தலைக்கு 52.7 லட்சம் டாலர். 56ஆல் வகுத்தால் 49.9 லட்சம். ஆளுக்கு 2.8 லட்சம் நஷ்டம் என்று தோன்றும். இங்கே சராசரி நம்மை ஏமாற்றுகிறது. புதிதாக வரும் மூன்று பேர் சராசரிச் சம்பளம் வாங்கப் போவதில்லை. அடிமட்டச் சம்பளத்துக்கு வருவார்கள். 2025இல் புதுமுகத்துக்கு அது 8.4 லட்சம் டாலர். மூன்று பேருக்கும் சேர்த்து 25.2 லட்சம், மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நட்சத்திர ஆட்டக்காரருக்கு அது வலிக்கவே வலிக்காது. வலிப்பது நடுவில் இருப்பவருக்கு. முப்பது வயது, எட்டாண்டு அனுபவம், நடுத்தரச் சம்பளம். "உன் காசில் இரண்டு இளசுகளை வைத்துக்கொள்வேனே" என்று கிளப் அவரைத்தான் முதலில் வெளியே அனுப்பும். வரவேண்டிய 25 லட்சம் அவருடைய இடத்திலிருந்து வரும்.

அதனால்தான் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. 17ஆவது ஆட்டத்துக்கு வழிவிட்ட ஒப்பந்தம் 2020 மார்ச்சில் சங்கத்தின் வாக்கெடுப்புக்கு வந்தபோது 1,019 பேர் ஆதரித்தார்கள், 959 பேர் எதிர்த்தார்கள். வெறும் அறுபது வாக்கு. புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய உடம்புக்குக் கூடுதல் ஆட்டம் கேடு, கூடுதல் காசு தேவையும் இல்லை. ஆனால் அதே ஒப்பந்தம் புதுமுகத்தின் அடிமட்டச் சம்பளத்தை 5.1 லட்சத்திலிருந்து 6.1 லட்சம் டாலராக உயர்த்தியது, ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதியுள்ளோரை 46இலிருந்து 48 ஆக்கியது. இரண்டே ஆண்டில் வெளியேறிவிடக்கூடிய ஒரு பையனுக்கு அது பெரிய விஷயம். யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரே படகில் இருந்தாலும் ஒவ்வொருவரின் கணக்கு வேறு.

61 நாள் வலை போடாத கடல்

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். உடம்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது.

2024 செப்டம்பரில் இங்கிலாந்துக் கிளப்பான மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டங்கள் இப்படிக் கூடிக்கொண்டே போவதால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று சொன்னார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆர்செனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். அந்த ஒரு காயத்துக்குக் காரணம் ஆட்டங்களின் எண்ணிக்கைதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமே உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஊன்றுகோலோடு வந்து வாங்கியவரை அந்தச் சீசனில் ஏறக்குறைய முழுவதும் பார்க்க முடியாமல் போனது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷை நாம் அறிவோம். 2017-18இல் சென்னையின் எஃப்.சி. அணி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்றபோது நடுக்களத்தில் ஆடியவர். முழங்கால் காயம் அவரிடமிருந்து அடுத்த சீசனையே எடுத்துக்கொண்டது. நம் தெருவில் முழங்கால் போனது என்று யாராவது சொன்னால் எல்லோரும் ஒரு நொடி மௌனமாவது அதன் விலை தெரிந்ததால்தான்.

ஆட்டக்காரரின் கால் தேய்கிற இயந்திரம். இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் கழிப்பார்கள் கணக்காளர்கள். காலுக்குக் கழிப்பதில்லை. ஒருவருடைய உடம்பு மொத்தம் 500 ஆட்டம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 50 என்றால் பத்தாண்டு, 60 என்றால் எட்டாண்டு சொச்சம். ஆண்டு வருமானம் கூடினாலும் ஆண்டுகள் குறைகின்றன. உண்மையான உடம்பு இவ்வளவு நேர்க்கோட்டில் நடக்காது, ஆனால் திசை இதுதான்.

இப்போது முக்கியமான கேள்வி. இவ்வளவு தெரிந்தும் ஏன் கூட்டிக்கொண்டே போகிறார்கள்? ஏனென்றால் கூட்டுகிறவர் ஒருவர் அல்ல. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஒரு போட்டியைப் பெரிதாக்குகிறது, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ இன்னொன்றை, நாட்டு லீக் தன் கோப்பையை விட மறுக்கிறது, கிளப் கோடையில் நட்பு ஆட்டத்துக்கு ஆசியாவுக்குப் பறக்கிறது. தன் போட்டியின் வருமானம் முழுக்கத் தனக்கு. அந்த ஆட்டத்தால் வரும் களைப்பு மட்டும் எல்லோருக்கும் பொது. கடலும் அப்படித்தான். நான் வலையை எடுத்தால் பக்கத்துப் படகு மீனை அள்ளிக்கொண்டு போகும், அப்புறம் நான் ஏன் நிறுத்த வேண்டும்?

அதற்குத்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் கூட்டினார்கள். அந்த நாட்களில் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கும், வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம், அரசு கொடுக்கும் நிவாரணம் போதாது. இருந்தும் தடை நிற்கிறது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிகிறது. ஒரு படகு மட்டும் தானாக நிற்கச் சொன்னால் நிற்காது. உலகக் கால்பந்துக்கு இப்படிக் கட்டாயமான, எல்லா அமைப்பையும் கட்டும் தடைக்காலம் இல்லை. இங்கிலாந்து, பிரான்ஸ் ஆட்டக்காரர் சங்கங்கள் 2024 ஜூனில் ஃபிஃபாவுக்கு எதிராக பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்தை நாடியதன் சாரம் இதுதான்: காலண்டரை எங்களைக் கேட்காமல் நீங்களாகவே போடக்கூடாது.

கோடீஸ்வரர்களுக்கு எதற்குச் சங்கம் என்று சிலர் கேட்கிறார்கள். பெரம்பூரில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கக்கூடாது என்பது என் கருத்து. இங்கிருந்த பின்னி மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, திரு.வி.க.வும் வாடியாவும் முன்னே நின்றபோது, அவர்களின் முதல் குறைகளில் ஒன்று சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. கூலி எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரம், எவ்வளவு ஓய்வு என்பது தனிக் கேள்வி. கூலியைக் கூட்டிக் கொடுத்து இரண்டாவது கேள்வியை அடைத்துவிட முடியாது.

பெரிய அணி யாருக்குச் சாதகம்?

ஆட்டம் கூடும்போது ஆளைக் கூட்டுவது நியாயம்தான். ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்று 2020இல் தற்காலிகமாக வந்த விதி 2022இல் நிரந்தரமானது. உலகக் கோப்பை அணி 23இலிருந்து 26 ஆனது. ஆனால் இங்கிலாந்தில் அந்த ஐந்து பேர் விதிக்கு முதலில் சிறிய கிளப்புகள் எதிர்ப்புத் தெரிவித்து, 2020-21 சீசனில் மூன்று பேருக்கே திரும்பினார்கள். காரணம் எளிது. பணக்காரக் கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் சர்வதேச ஆட்டக்காரர். அறுபதாவது நிமிடத்தில் களைத்துப்போன சிறிய அணிக்கு எதிராக ஐந்து புதுக் கால்கள் ஓடிவந்தால் என்ன ஆகும்?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2010 முதல் மூத்த ஆட்டக்காரர் பட்டியலை 25 பேரோடு நிறுத்தியதும், வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு இரவல் அனுப்புவதை ஃபிஃபா 2024 முதல் ஆறு பேருக்குள் கட்டியதும் பணக்காரக் கிளப்புகள் ஆட்டக்காரர்களைச் சேர்த்து வைக்கும் இந்தப் பதுக்கலுக்குப் போட்ட கடிவாளம். பதுக்கி வைக்கப்பட்ட ஆட்டக்காரருக்குச் சம்பளம் வரும், ஆட்டம் வராது. இருபது வயதில் ஆட்டம் வராத ஒரு வருடத்தை எந்தச் சம்பளமும் திருப்பித் தராது.

நம் ஊருக்கு வந்தால்

இங்கே கதை தலைகீழ். அவர்களுக்கு ஆட்டம் திகட்டுகிறது, நமக்குப் பசி. ஐ.எஸ்.எல். 2014இல் தொடங்கியபோது எட்டு அணிகள், அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்தது. இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம். மீதி பத்து மாதம் ஓர் ஆட்டக்காரர் என்ன செய்வார்? நம் பகுதியில் பந்து ஆடிய தலைமுறைகள் ஐ.சி.எஃப்., ரயில்வே, இந்தியன் வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடியது அதனால்தான். சீசன் முடிந்தாலும் முதல் தேதி சம்பளம் வரும். புகழைவிட அது பெரிது என்று அம்மாக்கள் சொன்னதில் தவறே இல்லை.

மெல்ல மெல்ல ஐ.எஸ்.எல். நீண்டது. 2024-25இல் 13 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 24 லீக் ஆட்டங்கள். பிறகு லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுத்ததில் 2025 ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. நம் நேரு ஸ்டேடியத்தில் ஆடும் சென்னையின் எஃப்.சி. கிளப்பே அந்த ஆகஸ்டில் முதல் அணியின் வேலைகளை நிறுத்தியது. கடைசியில் 2026 பிப்ரவரியில் தொடங்கும் என்று அறிவிப்பு வந்தது. 14 அணிகள், ஒருவரோடு ஒருவர் ஒரே ஒரு முறை, மொத்தம் 91 ஆட்டங்கள். அணிக்கு 13.

24 எப்படி 13 ஆனது என்பதை நிமிடமாக மாற்றிப் பார்க்கச் சொன்னேன் அந்தப் பையனிடம். அடுத்த நாள் நோட்டில் போட்டுக்கொண்டு வந்தான். ஓர் ஆட்டத்தில் களத்தில் பதினொரு பேர், தொண்ணூறு நிமிடம், ஆக 990 நிமிடம். 24 ஆட்டத்துக்கு 23,760. 13 ஆட்டத்துக்கு 12,870. அணியில் 25 பேர் என்றால் முதலாவதில் தலைக்கு 950 நிமிடம், இரண்டாவதில் 515 நிமிடம் போல.

"ஆனா அண்ணா, சமமா பிரிக்க மாட்டாங்களே" என்றான். மாட்டார்கள். ஆட்டம் குறையக் குறைய ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும், கோச் பதினான்கு, பதினைந்து பேருக்கு மேல் நம்ப மாட்டார். வெட்டப்பட்ட 10,890 நிமிடங்களில் பெரும்பகுதி பெஞ்சின் கடைசியில் இருக்கும் பத்தொன்பது வயதுக்காரர்களுடையது. அவன் அந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டான்.